கிளிப் போட்ட பிறகுதான் எங்கள் வேலை ஆரம்பம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில், மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண் ஒன்பதாம் நாள் இறந்துபோனதையும், உறவினர்கள் மருத்துவமனை வாசலில் மறியல் செய்ததையும் போட்டிருந்தீர்கள். ‘ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னுதான் டாக்டர் சொன்னார், அப்புறம் எப்படிச் செத்தாங்க?’ என்று மகன் கேட்டதாகச் செய்தி முடிந்திருந்தது. அந்த மருத்துவமனையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, அதைப் பற்றி நான் எழுதவும் இல்லை. ஆனால் அந்தப் பையன் கேட்டது நியாயமான கேள்வி. பதில் செய்தியிலும் இல்லை, மருத்துவமனை கொடுத்த மறுப்பிலும் இல்லை. ‘அனைத்து சிகிச்சைகளும் முறையாக அளிக்கப்பட்டன’ என்ற வழக்கமான ஒரு வரிதான் இருந்தது.

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் நியூரோ வார்டிலும் ஐசியூவிலும் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வுபெற்ற நர்ஸ். டாக்டர் இல்லை. ஆபரேஷன் அறைக்குள் நடந்ததைவிட, அதற்கு முன்னும் பின்னும் கட்டிலருகில் நடந்ததுதான் எனக்குத் தெரியும். இந்த நோயில் விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

மூளையின் அடிப்பக்கத்தில் ரத்தக்குழாய்கள் கிளை பிரியும் இடத்தில் சுவர் பலவீனப்பட்டு, பழைய சைக்கிள் ட்யூப் ஓரிடத்தில் புடைப்பதுபோலப் புடைத்துக்கொள்ளும். அதுதான் அனியூரிசம். பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு வெடிக்காமலே ஆயுள் முடிந்துவிடும், இருந்தது தெரியவே தெரியாது. வெடித்தால் மூளையைச் சுற்றி ரத்தம் பரவும். அதில் கணிசமான பேர் ஆஸ்பத்திரி வாசலையே பார்ப்பதில்லை. வந்து சேருகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. மண்டையோட்டைத் திறந்து அந்தப் புடைப்பின் கழுத்தில் ஒரு சின்ன கிளிப் மாட்டுவது ஒன்று. 1937இல் அமெரிக்காவில் வால்டர் டான்டி ஆரம்பித்து வைத்த வேலை அது. தொடை ரத்தக்குழாய் வழியாக ட்யூபைச் செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினச் சுருளை நிரப்பும் காயிலிங் இன்னொன்று. இது 1990களில் வந்தது. எதைச் செய்தாலும் நோக்கம் ஒன்றுதான்: அந்த இடம் மறுபடி வெடிக்காமல் தடுப்பது. முதல் வெடிப்பு ஏற்கெனவே செய்துவிட்ட சேதத்தை எந்தக் கிளிப்பாலும் திருப்பி எடுக்க முடியாது. ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது இதைத்தான் வீட்டாரிடம் புரியும்படி சொல்வதில்லை. அவர்கள் காதில் விழுவது ‘ரிஸ்க் இருக்கு, ஆனா செஞ்சுதான் ஆகணும்’ என்பது மட்டும். முடிந்ததும் ‘சக்சஸ்’ என்று கேட்கிறார்கள், கோயிலுக்கு நேர்ந்துகொண்டதை முடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

முடிவு மோசமாவதற்கு எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம், நோயாளி எந்த நிலையில் வந்து சேர்ந்தார் என்பது. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னால் கையைத் தூக்குகிறாரா என்று பார்த்து 15க்கு மார்க் போடுவோம். கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் 1974இல் கொடுத்த கணக்கு. அதை வைத்து ஒன்று முதல் ஐந்து வரை கிரேடு. தலைவலியோடு, ஆனால் பேரும் ஊரும் தெளிவாகச் சொல்லிக்கொண்டு வந்தால் கிரேடு ஒன்று. வலிக்குக்கூடக் கண் திறக்காதவர் ஐந்து. ஒரே டாக்டர், ஒரே கிளிப், ஒரே ஆபரேஷன் தியேட்டர். ஆனால் ஒன்றில் வந்தவருக்கும் ஐந்தில் வந்தவருக்கும் முடிவு ஒன்றாக இருக்கவே முடியாது. வயது, சிடி ஸ்கேனில் தெரியும் ரத்தத்தின் கனம், புடைப்பு எத்தனை பெரியது, எந்த இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடி.

சரி, ஒன்றில் வரவேண்டியவர் ஏன் ஐந்தில் வருகிறார்? எங்கள் வார்டுக்கு வந்த ஒரு பூக்காரம்மாவைச் சொல்கிறேன். மார்க்கெட்டில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தவருக்கு, ஒரு நொடியில் பின்மண்டையில் வலி. ‘என் ஆயுசுல இப்படி ஒரு தலைவலி வந்ததே இல்லை’ என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு முறை வாந்தி. தெருமுனை கிளினிக்கில் பித்தம் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். வலி கொஞ்சம் குறைந்தது, கழுத்து மட்டும் திருப்ப முடியவில்லை. சுளுக்கு என்று எண்ணெய் தடவினார்கள். கண் கூசுகிறது என்றதும் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தார்கள். நான்காம் நாள் காலை குளியலறையில் விழுந்தார். அது இரண்டாவது வெடிப்பு. முதல் நாள் நடந்தே வந்திருக்கக்கூடியவர், ஸ்ட்ரெச்சரில் வாயில் ட்யூபோடு வந்தார். கிளிப் அழகாக விழுந்தது, ரத்தக்குழாயைப் படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோவில் எந்தக் குறையும் இல்லை. அவர் கண் மட்டும் திறக்கவில்லை. மகளுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் மேல்தான் கோபம். ஊசி போட்ட கிளினிக்கின் மேல் அல்ல, அங்கே தலைவலிக்குத்தானே ஊசி போட்டார்கள்!

இது நம் ஊர்க் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த ரத்தக்கசிவோடு வந்த 482 பேரில் 56 பேருக்கு முதலில் வேறு நோய் என்று சொல்லப்பட்டிருந்தது. அதிகமாகச் சொன்னது ஒற்றைத் தலைவலி அல்லது டென்ஷன் தலைவலி. முக்கால்வாசிப் பேருக்கு சிடி எடுக்காததுதான் தவறு. இதில் கொடுமை, நன்றாக நினைவோடு வந்தவர்களிடம்தான் நோய் அதிகம் தவறவிடப்பட்டது. நன்றாக இருக்கிறாரே என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், காப்பாற்ற அதிக வாய்ப்புள்ளவர் அவர்தான். மறு வெடிப்புக்கு முதல் 24 மணி நேரம்தான் மிக ஆபத்தானது. மறுபடி வெடித்தால் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை. தலைவலி ஆரம்பித்து ஆறு மணி நேரத்துக்குள் சிடி எடுத்தால் நோய் தப்புவது மிக அபூர்வம். நாள் கடந்தால் ரத்தம் கரைந்து சிடியில் மங்கிவிடும், அப்போது முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.

நெஞ்சு வலித்தால் இசிஜி எடுக்காமல் இன்று எந்த டாக்டரும் அனுப்புவதில்லை. நொடியில் உச்சத்துக்குப் போன தலைவலிக்கு சிடி எடுக்க மட்டும் ஏன் யோசிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 இறுதியில் வந்தது, நல்ல திட்டம். தலையில் அடிபட்டு வருகிறவரை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று இப்போது ஆம்புலன்ஸ்காரருக்கும் தெரிகிறது. அடிபடாமல் மண்டைக்குள் ரத்தம் கசிந்தவர் மட்டும் இன்னும் தாலுகா ஆஸ்பத்திரி, ஒரு தனியார், இன்னொரு தனியார் என்று சுற்றிவிட்டு, பாதிப் பணத்தையும் முழு நேரத்தையும் செலவழித்த பிறகு வருகிறார்.

வந்து சேர்ந்த பின், தியேட்டருக்குப் போகும் வரை இன்னொரு காத்திருப்பு. இந்த நேரத்தில் பிபி ஏறக்கூடாது. முக்கி மலம் கழிக்கக்கூடாது, அதற்கு மருந்து கொடுப்போம். இருமக்கூடாது, வலியில் துடிக்கவிடக்கூடாது. சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று ‘என்னை விட்டுட்டுப் போயிடாதே’ என்று அழுவதைத் தடுத்தால் நர்சுக்கு ஈவிரக்கம் இல்லை என்பார்கள். மானிட்டரில் பிபி 140லிருந்து 190க்குப் போவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன், அவர்கள் பார்க்க மாட்டார்கள். கிளிப் போட்ட பிறகு கணக்கு தலைகீழாக மாறிவிடும். பிபி இறங்கக்கூடாது. சில நேரம் மருந்து கொடுத்தே ஏற்றி வைப்போம். அப்போது அதே உறவினர்கள் 170ஐப் பார்த்துவிட்டு ‘பிபி மாத்திரை ஏன் கொடுக்கல?’ என்று சண்டைக்கு வருவார்கள். யாராவது ஒரு நிமிடம் ஒதுக்கி அவர்களுக்குச் சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார்கள்.

ஆபரேஷனிலேயே தவறுவது உண்டா? உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கிளிப் போடப் போகும்போதே வெடிக்கலாம். பக்கத்தில் இழை மாதிரி ஓடும் சின்ன ரத்தக்குழாய் கிளிப்புக்குள் சிக்கிக்கொண்டால், அது ரத்தம் கொடுத்த மூளைப் பகுதி செத்துவிடும், கை கால் போகும். கழுத்து முழுக்க அடைபடாமல் கொஞ்சம் மீதி நிற்கலாம். அடிக்கடி செய்கிற இடத்தில் முடிவு நன்றாக இருக்கிறது, எப்போதாவது செய்கிற இடத்தில் அப்படி இல்லை என்று உலகம் முழுக்கக் கணக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ‘இங்கே வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

இப்போது அந்த ஒன்பதாம் நாளுக்கு வருகிறேன். மூளையைச் சுற்றித் தேங்கிய ரத்தம் கரையும்போது, அதன் உறுத்தலில் பக்கத்து ரத்தக்குழாய்கள் சுருங்க ஆரம்பிக்கும். மூன்று நான்கு நாளில் தொடங்கி, ஏழு முதல் பத்து நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் அடங்கும். நாங்கள் ‘ஸ்பாசம்’ என்போம். கிளிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிளிப் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும், மூளைக்கு ரத்தம் போகாது. ஆபரேஷன் முடிந்து பேசி, இட்லி சாப்பிட்டு, பேரனைக் கேட்ட நோயாளி, ஆறாம் நாளோ எட்டாம் நாளோ கை தூக்க முடியாமல் போவது இதனால்தான். வீட்டாருக்கு அது இடி. எங்களுக்கு அது காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு பயந்திருந்த நாள்.

இதற்கு என்று நிரூபணமான மாத்திரை ஒன்று இருக்கிறது, நிமோடிபின். பிரிட்டனில் 554 பேருக்குக் கொடுத்துப் பார்த்து 1989இல் வெளியிட்டார்கள். மோசமான முடிவு நூற்றுக்கு 33 பேரிலிருந்து 20 பேராகக் குறைந்தது. அளவு 60 மில்லிகிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, 21 நாள். இதில் ‘நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை’ என்பதைக் கவனியுங்கள். இரவு பத்து மணி, இரண்டு மணி, காலை ஆறு மணி. அந்த இரண்டு மணி மாத்திரைதான் விட்டுப்போகும். நோயாளி அசந்து தூங்குகிறார், எழுப்ப மனசில்லை என்று அட்டெண்டர் சொல்வார். மூக்கு ட்யூப் உள்ளவருக்கு மாத்திரையை நன்றாகப் பொடித்துக் கரைத்து விட வேண்டும், பாதி பொடி கிண்ணத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இன்னொரு முறை தண்ணீர் விட்டு அலசி அதையும் உள்ளே அனுப்ப வேண்டும். பிபி இறங்கினால் மாத்திரையை நிறுத்திவிடாமல் டாக்டரைக் கேட்டு 30 மில்லிகிராமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் டிஸ்சார்ஜ் ஆனால் மீதி மாத்திரையை வெளியே வாங்க வேண்டும். விலையைப் பார்த்துவிட்டு ‘நல்லாத்தானே இருக்காங்க’ என்று பலர் நிறுத்திவிடுவார்கள்.

ஸ்பாசம் வருவதைக் கண்டுபிடிக்கும் கருவிகள் பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. ஆனால் முதல் கருவி, மணிக்கொரு முறை நோயாளியிடம் பேசுகிற நர்ஸ்தான். இரண்டு கையையும் நீட்டி, கண்ணை மூடி, பத்து எண்ணும் வரை வைத்திருக்கச் சொல்வோம். ஒரு கை மட்டும் மெல்லத் திரும்பிக் கீழே இறங்கும். பேர் சரியாகச் சொன்னவர், மகனைக் கூப்பிட மருமகன் பெயரைச் சொல்வார். கேட்டவுடன் பதில் சொன்னவர், சற்று யோசித்துச் சொல்வார். அவ்வளவு சின்ன மாற்றம். அப்போதே கூப்பிட்டால் பிபியை ஏற்றியோ, ஆஞ்சியோவில் குழாய்க்குள் மருந்து விட்டோ காப்பாற்ற வழி இருக்கிறது. காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் வந்து பார்க்கும்போது கை முழுக்க விழுந்திருந்தால், அந்தப் பகுதி போனது போனதுதான்.

உப்பு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இந்த நோயில் சிறுநீர் வழியாகச் சோடியம் வெளியேறிவிடும். சோடியம் இறங்கினால் மயக்கம், வலிப்பு, மூளை வீக்கம். வீட்டார் என்ன செய்வார்கள் தெரியுமா? ‘அம்மாவுக்கு பிபி இருக்கு’ என்று உப்பில்லாத கஞ்சியைத் தூக்கில் கொண்டுவருவார்கள்! நாங்கள் டாக்டரைக் கேட்டு, கிராம் கணக்கில் உப்பைப் போட்டுக் கரைத்துக் கொடுப்போம். சோடியம் குறைந்தால் தண்ணீரைக் குறை என்பது மற்ற பல நோய்க்கு வழக்கம். இதில் தண்ணீரைக் குறைத்தால் சுருங்கிய குழாயில் ரத்தம் இன்னும் மெதுவாகி மூளை பாதிக்கும் என்று நெதர்லாந்துக்காரர்கள் 1985இலேயே எழுதிவிட்டார்கள். ஆனாலும் வேறு வார்டிலிருந்து புதிதாக வந்த டியூட்டி டாக்டர் பழக்கத்தில் ‘தண்ணியைக் கட் பண்ணுங்க’ என்று எழுதிவிட்டுப் போவதும், சிஸ்டர்கள் சீனியரிடம் கேட்டு அதை மாற்றுவதும் நடக்கும்.

இது போக, ரத்தம் வழியை அடைத்து மூளை நீர் தேங்குவது, அதை வடிக்க வைத்த ட்யூபில் கிருமி ஏறுவது, காய்ச்சல், சுகர் ஏறுவது, வென்டிலேட்டரில் நிமோனியா, வெடிப்பின் அதிர்ச்சியில் இதயமே தளர்ந்துபோவது எல்லாம் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியே ஆளைக் கவிழ்க்கப் போதுமானது. இவற்றில் பலவற்றைத் தடுப்பது கை கழுவுவதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பதும், வாயைச் சுத்தம் செய்வதும்தான். வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பார்கள். எங்கே நடக்கிறது? இரவில் ஒரு நர்சே பல கட்டில்களைப் பார்த்துக்கொண்டு, நடுவில் ரத்த வங்கிக்கும் போனை எடுக்கவும் ஓடினால், இரண்டு மணி நிமோடிபினும் அந்தக் கை இறங்கியதும் யார் கண்ணில் படும்? புதிய தியேட்டர், புதிய மைக்ராஸ்கோப் திறப்பு விழாப் படத்தை நீங்கள் முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். அந்தத் தியேட்டருக்குப் பின்னால் உள்ள ஐசியூவில் இரவு எத்தனை நர்ஸ் என்று உங்கள் நிருபர் ஒருவர் போய் எண்ணிப் பார்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கிளிப்பா காயிலா என்று 2143 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2002இல் வெளிவந்தது. பெரும்பாலும் பிரிட்டன், ஐரோப்பிய மருத்துவமனைகள். வந்தவர்களும் பெரும்பாலோர் நல்ல கிரேடு. அப்படியிருந்தும் ஒரு வருடம் கழித்து இறந்தவர்களோ பிறர் துணை இல்லாமல் வாழ முடியாதவர்களோ காயில் வைத்தவர்களில் 24 சதவீதம், கிளிப் வைத்தவர்களில் 31 சதவீதம். அங்கேயே நிலைமை இது. ஆகவே ஒவ்வொரு மரணத்தையும் கொலை என்பதும் தப்பு, ‘இந்த நோயே அப்படித்தான்’ என்று ஒவ்வொன்றையும் கேஸ் ஷீட்டோடு கட்டி வைப்பதும் தப்பு. எத்தனையாம் நாள், எதனால் என்று பார்த்தால்தான் எது விதி, எது அலட்சியம் என்று தெரியும்.

பிழைத்து வீட்டுக்குப் போனவர்களைப் பற்றியும் கொஞ்சம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘நல்ல நிலை’ என்று எழுதியிருக்கும். நடப்பார், பேசுவார். ஆனால் மூளையின் முன்பகுதியில் இருக்கும் அனியூரிசம் வெடித்த ஒரு விவசாயி, கட்டிலில் இருந்தபடியே ‘காலையில் போய் மோட்டாரைப் போட்டுட்டு வந்தேன்’ என்பார். பொய் சொல்லவில்லை, நினைவில் உள்ள ஓட்டையை மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. அவர் மனைவி மந்திரிக்கக் கூட்டிப் போனார். இன்னும் சிலருக்குச் சில மாதம் கழித்து நடை குறுகும், சிறுநீர் கட்டுப்படாது, மறதி கூடும். வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். அது மூளை நீர் மறுபடி தேங்குவதாக இருக்கலாம், அந்த நீரை வடிக்க ஷன்ட் என்ற ட்யூபை உள்ளே வைத்தால் சரியாகிவிடக்கூடும். ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதற்குப் பிறகான ஆறு மாதப் பயிற்சிக்கும் மறுபரிசோதனைக்கும் பஸ் காசும் ஒருவரின் தினக்கூலியும் போகுமே, அதற்கு என்ன இருக்கிறது?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படி ஒரு செய்தி வந்தால் ‘உறவினர் குற்றச்சாட்டு, நிர்வாகம் மறுப்பு’ என்பதோடு நிறுத்தாமல் நிருபரைச் சிலவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். தலைவலி எப்போது ஆரம்பித்தது, முதலில் எங்கே காட்டினார்கள், சிடி எப்போது எடுத்தார்கள், வந்தபோது என்ன கிரேடு, வந்து எத்தனை மணி நேரத்தில் தியேட்டர், ஆபரேஷனுக்குப் பின் நிலை மாறியது எந்த நாள், அன்று சோடியம் எவ்வளவு, நிமோடிபின் சார்ட்டில் இரவு இரண்டு மணிக் கட்டம் காலியாக இருக்கிறதா. கேஸ் ஷீட் நகல் கேட்டு வாங்க உறவினருக்கு உரிமை உண்டு என்பதையும் அந்தப் பையனுக்கு யாராவது சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர்,
தேனி மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்.)